பெரட்டுக்குப் போன நட்டுகள்

மழைக்காலமா பனிக்காலமா என்பதில் மட்டும் நினைவு சரியாக இல்லை. தயாபரனின் காரிலிருந்து நட்டுகள் கழன்று, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் போய் ஆட்களோடு வரிசையில் நின்றது உண்மை. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. இஞ்சினோடு புகைக்குழாயைப் பிணைக்கும் நட்டுகள் அவை. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, ஆட்களை மலைக்கு அனுப்பிவிட்டு, "தயாபரன், ஒங்க ஆளுங்களக் கூட்டிட்டுப் போங்க. கொழுந்தெடுக்கத் தெரியாதாம்" என்பார்.

தயாபரனுக்குச் சிரிப்பு வரவில்லை. நட்டு தளர்ந்தால் புகை காருக்குள் வரும். மனைவி சிவசக்திக்கு நிறைமாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் கொண்டுபோக வேண்டும். பதுளையில் கராஜ் வைத்திருக்கும் இப்றாஹீம் நானா தேய்ந்த போல்ட்டுகளை மாற்றி, பூட்டு வாசர் போட்டு, "சூட்டோட இறுக்காதீங்க தம்பி. ஆறட்டும். ஓடி ஆறினா இன்னொருக்கா இறுக்குங்க" என்றார். தயாபரன் அப்படியே செய்தான். நட்டுகள் மறுநாளும் பெரட்டுக்குப் போயின.

காரணத்தைக் கண்டது சிவசக்திதான். "பேரு கூப்புடாட்டி யாருங்க வேலையில நிப்பா?" என்றாள். பிள்ளைக்கென்று யோசித்திருந்த பெயர்களையெல்லாம் நட்டுகளுக்குப் பங்கிட்டாள். பிள்ளை தங்காவிட்டாலும் பெயர்களாவது தங்கட்டும் என்று செய்கிறாள் என்பது தயாபரனுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து விடியலில், ஆறிய இஞ்சினைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஸ்பெனர் வைத்து, புவனேந்திரன், சுபாஜினி, கேஷானி என்று கூப்பிட்டான். நட்டுகள் இடம்விட்டு அசையவில்லை.

வலி கண்ட பகலில் கார் பதுளைக்கு இறங்கியது. பாதி வழியில் முன்பக்கம் டக் டக் என்றது. புகை நெடி வந்தது. நிறுத்தி இறுக்கலாமென்றால் இரும்பு கொதித்துக் கிடந்தது. கேஷானியின் பக்கத்துச் சத்தம்தான் என்றான் தயாபரன். பின்சீட்டில் சாய்ந்திருந்த சிவசக்தி பல்லைக் கடித்துக்கொண்டு, "அடியே கேஷானி, கொஞ்சம் பொறுத்துக்க. ஆஸ்பத்திரி வந்ததும் ஒன்ன விட்டுர்றேன்" என்றாள். சத்தம் நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்ற பிறகுதான் அந்த நட்டு கழன்று தார்ரோட்டில் விழுந்தது.

பெண் பிள்ளை பிறந்தது. விடுபட்ட பெயரை அதற்கு வைத்தார்கள். காலியான இடத்தில் நானா புது நட்டுப் போட்டார். தயாபரன் அதை இப்றாஹீம் என்று கூப்பிடுகிறான், நானாவுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. கணக்கப்பிள்ளை வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். கார் எல்ல டவுனுக்கு வாடகை ஹயர் ஓடுகிறது. சிவசக்தி மறுபடி கொழுந்துக்குப் போகிறாள். கேஷானி இப்போது நடக்கிறாள்.