சம்பளமில்லாத பென்குயின்

ஜூட்சனுக்கு இந்த உலகத்தில் இரண்டே விஷயங்களில்தான் உறுதியான அபிப்பிராயம் உண்டு. கம்ப்யூட்டர் என்றால் அதில் லினக்ஸ்தான் ஓட வேண்டும். கல்யாணம் என்றால் அனுஷ்காவைத்தான். முதலாவதை, ஹட்டனில் அவன் வைத்திருந்த ரிப்பேர் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிவிடுவான். சார்ஜர் வாங்க வந்தவர்கூடத் தப்ப முடியாது. இரண்டாவதைச் சொல்ல வேண்டிய ஒரே ஆளிடம் மட்டும் அவனுக்கு வாய் வரவில்லை.

அந்த ஆள் அனுஷ்காவின் அப்பா டக்ளஸ். நோர்வூட்டில் தேயிலைத் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர். அவருடைய குரலுக்கு மைக் பிடிப்பது வீண் செலவு.

"சங்க ஆபீசு கம்ப்யூட்டர் படுத்துருச்சு. வந்து சரிபண்ணிக் குடுங்க. அப்பாவுக்கு ஒங்கள புடிச்சிட்டா மத்தத நான் பேசிக்கிறேன்," என்று அனுஷ்காதான் வழி சொன்னாள்.

போய்ப் பார்த்தால், எவனோ போட்டுக்கொடுத்த திருட்டு விண்டோஸ். அதில் வைரஸ் குடும்பம் குட்டியோடு குடியிருந்தது. ஜூட்சன் பென்டிரைவைச் சொருகி லினக்ஸைப் போட்டான். மத்தியானத்துக்குள் கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டது. திரையில் லினக்ஸின் சின்னமான பென்குயினைப் பார்த்த டக்ளஸுக்கு வாயெல்லாம் பல்.

"இதுக்கு எவ்வளவு தம்பி?"

"இது சும்மா கெடைக்கிறது, தலைவரே." அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடினால் அவன் ஜூட்சன் இல்லையே. "ஒலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேரு சேந்து செஞ்சது. ராவு பகலா வேல செய்வாங்க."

"அவங்களுக்கு யாரு சம்பளம் குடுக்குறா?"

"நெறயப் பேருக்கு சம்பளமே இல்ல. ஆசையில செய்றாங்க," என்றான் பெருமையாக.

டக்ளஸ் எழுந்து நின்றார். வாயில் இருந்த பல் எல்லாம் உள்ளே போய்விட்டது.

"ஆசையில. நாள் சம்பளத்துக்கு நாங்க ரோட்டுல குந்தி தொண்ட கிழியக் கத்துறோம், இவனுக ஆசையில செய்றானுகளா? இது தோட்டத்துத் தொரைக்குத் தெரிஞ்சா என்னாகும்? 'அங்க பாரு, அவன் சும்மா செய்றான், நீயும் ஆசையில கொழுந்து எடு'ன்னு சொல்ல மாட்டானா? ஸ்ட்ரைக்க ஒடைக்கிற கருங்காலிப் பயலுக."

"சிரமதானம் மாதிரிதான், தலைவரே..."

"சிரமதானத்துக்கு டீயும் பணிசும் குடுப்போம். இவனுகளுக்கு யாரு குடுக்குறா?"

இத்தனை வருடப் பிரசாரத்தில் ஜூட்சன் இதை ஒரு தடவைகூட யோசித்ததில்லை. வாசலில் பிளாஸ்க்கோடு நின்ற அனுஷ்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கருங்காலி செஞ்ச சாமான் சங்க ஆபீசுல இருக்கக் கூடாது. அத கொண்டாந்தவனும் இந்தப் பக்கம் வரக் கூடாது. காலையில கூட்டத்துக்கு நோட்டீசு அடிக்கணும், அத மட்டும் எடுத்துக் குடுத்துட்டுக் கெளம்பு."

நோட்டீசையாவது ஒழுங்காக எடுத்துக் கொடுப்போம் என்று ஜூட்சன் பட்டனைத் தட்டினான். பிரிண்டர் பச்சை லைட்டைச் சிமிட்டிவிட்டுச் சும்மா இருந்தது. திரும்பத் தட்டினான். கேபிளைப் பிடுங்கிச் சொருகி இன்னொரு தடவை தட்டினான். அனுஷ்கா கையை விட்டுப் போகிறாள் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

"ஏன் ஓடல?"

பொய் சொல்லக்கூடத் தெம்பு இல்லை. "இந்தப் பிரிண்டர எப்புடி ஓட்டுறதுன்னு, இதச் செஞ்ச கம்பனி லினக்ஸ் ஆளுங்களுக்குச் சொல்லித் தரல, தலைவரே. அவங்களாத்தான் நோண்டிக் கண்டுபுடிக்கணும்."

டக்ளஸ் மெதுவாகத் திரும்பினார். "எவன் தரல?"

"கம்பனி."

"கேட்டுமா?"

"கேட்டும்தான்."

கம்பனி ஒன்றைத் தர மறுத்து, டக்ளஸ் கம்பனியின் பக்கம் நின்றதாகச் சரித்திரமே கிடையாது. அவர் நாற்காலியை இழுத்து ஜூட்சனுக்கு நெருக்கமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. அப்ப அவனுக கருங்காலி இல்ல, நம்ம ஆளுக. சங்கம் இல்லாம ஏமாந்து நிக்கிறானுக, பாவம். அனுஷ்கா, மாப்பிள்ளைக்கு டீ ஊத்து."

அனுஷ்கா டீயை ஊற்றிக் கொடுத்தாள். மாப்பிள்ளை என்ற சொல் அப்பா வாயிலிருந்து தெரியாமல் விழுந்ததா, எல்லாம் தெரிந்துதான் விழுந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜூட்சன் அதை ஆராயவே இல்லை. கொதிக்கக் கொதிக்கக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

நோட்டீசை டக்ளஸ் கையாலேயே எழுதினார். கடைசிக் கோரிக்கை, பிரிண்டர் கம்பனி தன் ரகசியத்தை உடனே வெளியிட வேண்டும் என்பது. மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நின்ற சனம் அதற்கும் சேர்த்துக் கோஷம் போட்டது. ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் கம்பனி என்றதும் குரல் தன்னால் கிளம்பியது. துரை நோட்டீசை இரண்டு தடவை படித்துவிட்டு, மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார்.

அன்று பின்னேரம் கடையில் மனசு கேட்காமல் ஜூட்சன் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தான். எந்த ஊரோ, என்ன பெயரோ, சம்பளமில்லாத ஒரு புண்ணியவான் அந்தப் பிரிண்டருக்கு வேண்டியதை எப்போதோ எழுதி வைத்திருந்தான். அதைப் போட ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது.

ஜூட்சன் அந்த முகம் தெரியாத மனிதனுக்கு மனசுக்குள் நன்றி சொல்லி, லேப்டாப்பை மூடினான். மாதா கோயிலில் மூன்றாவது கல்யாண ஓலையும் வாசித்து, சாமியார் தாலியை எடுத்துக் கையில் கொடுக்கும் வரைக்கும் அந்தப் பிரிண்டர் ஓடவே கூடாது.