சமையலறை மட்டும் போகவில்லை

புதுப்பித்த பாஸ்போர்ட் தபாலில் வந்து சேர்ந்த செவ்வாய்க்கிழமை காலை, ஃபாரம் சார் வீட்டுக் குளியலறை அவருக்கு முன்பாகவே வெளிநாட்டுக்குப் போய்விட்டது. துண்டும் சோப்புமாகப் போனவர், கதவு இருந்த இடத்தில் வெள்ளையடித்த சுவர் இருப்பதைக் கண்டார். பத்து நிமிடத்தில் மகள் போன் செய்தாள். "அப்பா, உங்க பாத்ரூம் இங்க வந்திருக்கு. செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல புதுசா ஒரு கதவு. திறந்து பார்த்தா உங்க பச்சை வாளி, தண்ணிகூட அப்படியே இருக்கு." குழாயை ஒழுங்காக மூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு, அவர் கீழ்வீட்டுத் தையல்காரர் வீட்டில் குளித்துவிட்டு வந்தார்.

ஓய்வூதிய அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர் அவர். தெருவில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் அது அவரிடம்தான் போகும். பெயரும் அப்படி வந்ததுதான். மகள் இருக்கும் நாட்டிலேயே மிச்ச காலத்தைக் கழிப்பது என்று முடிவு செய்தவுடன், பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் பதினொரு வேலைகளை வரிசையாக எழுதிச் சமையலறைச் சுவரில் மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் டிக் அடிக்க அடிக்க, வீட்டில் ஒன்று கிளம்பிப் போனது. போலீஸ் நன்னடத்தைச் சான்று கிடைத்ததும் கூடம் போனது, சோபாவோடும் அதன்மேல் மடிக்காமல் கிடந்த துணிகளோடும். மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் படுக்கையறை. கல்யாணச் சான்றிதழை மொழிபெயர்த்து நாலு இடத்தில் முத்திரை வாங்க எட்டு மாதம் ஆயிற்று; அதற்குப் பால்கனி மட்டும்தான் போனது, அதிலும் கொடிக்கயிறு ஒரு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. மூட்டை கட்டும் வேலை மிச்சம் என்று ஃபாரம் சாருக்கு ஏக சந்தோஷம்.

அவர் மனைவியைத் தெருவில் நர்ஸம்மா என்பார்கள். கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் காலை எட்டு மணிக்குச் சமையலறை ஸ்டூலில் ஆள் மாற்றி ஆள் வந்து உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். கண்ணில் அழுத்தம் ஏறியவர்கள், புரை எடுத்துக்கொண்டவர்கள், கை நடுங்குகிறவர்கள். தாங்களாக விட்டுக்கொண்டால் மருந்து கன்னத்தில்தான் விழும். நர்ஸம்மா ஒரு சொட்டு விட்டு, கண்ணின் உள்மூலையை விரலால் அழுத்திக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்வார். தையல்காரர் ஊசியில் நூல் கோத்தது அந்த விரலின் புண்ணியத்தில்தான். கூட்டமெல்லாம் போனபின் கடைசியாக ஸ்டூலில் உட்காருவது ஃபாரம் சார். அவருக்கும் அழுத்தம் உண்டு.

விசா வந்தது. டிக்கெட்டும் எடுத்தாயிற்று. பதினொன்றுக்கும் டிக் விழுந்துவிட்டது. சமையலறை மட்டும் இம்மி நகரவில்லை. மாடிப்படி ஏறினால் நேரே சமையலறைக் கதவு, அதற்குப் பின்னால் வீடு என்று ஒன்று இல்லை. கணவனும் மனைவியும் சிலிண்டருக்கும் அரிசி டப்பாவுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்தார்கள். கேஸ் இணைப்புதான் பிடித்து வைத்திருக்கிறது என்று ஃபாரம் சார் அதை ரத்து செய்தார். நர்ஸம்மா போய் மின்சார அடுப்பு வாங்கி வந்தார்.

அதன்பிறகு ஃபாரம் சார் விசா விண்ணப்பக் கோப்பை முதலிலிருந்து பிரித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் தவறு அகப்பட்டது. கல்யாணமான புதிதில் ஏதோ பாங்க் படிவத்துக்காக, அவசரத்தில், மனைவியின் கையெழுத்தையும் தானே போட்டிருந்தார். பிறகு அது பழக்கமாகிவிட்டது. முப்பத்தேழு வருடத்தில் அவர் அந்தக் கையெழுத்தை மனைவியைவிட அழகாகப் போடக் கற்றிருந்தார். விசா படிவத்திலும் அவரே போட்டிருந்தார். 'வர விரும்புவதற்கான காரணம்' என்ற கட்டத்தில், தன் முத்து முத்தான எழுத்தில், 'கணவருடன் செல்கிறார்' என்றும் எழுதியிருந்தார். தூதரகத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சமையலறை கண்டுபிடித்துவிட்டது. இவ்வளவு பெரிய அலுவலகத்தில் வேலை பார்த்த மனிதருக்கு இது உறைக்க மூன்று நாள் ஆனதை என்னவென்று சொல்வது.

"உனக்கு வர இஷ்டம்தானா?" என்று அவர் கேட்டபோது, தையல்காரர் ஸ்டூலில் தலையைச் சாய்த்திருந்தார்.

"இத்தனை வருஷத்துல இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்" என்றார் நர்ஸம்மா. "இருங்க, மருந்து விட்டுட்டு வரேன்."

மருந்து விட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "தெரியலைங்க. யோசிக்கணும்" என்றார்.

"நீ மாட்டேன்னு சொல்லிட்டா?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க?"

மறுநாள் ஃபாரம் சார் தூதரகத்துக்குப் போய், அந்தக் கையெழுத்து தன்னுடையது என்று எழுதிக் கொடுத்து, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு விசாவும் போயிற்று, டிக்கெட்டும் போயிற்று. இனிமேல் அந்த நாட்டுக்குள் விடுவார்களா என்பதே சந்தேகம். மகள் போனில் அழுதாள். அவள் வீட்டில் அப்பா அம்மாவின் படுக்கையறை இருந்தது, சோபா இருந்தது, கொடிக்கயிறு இருந்தது, ஆட்களைத்தான் காணோம். அவளும் வாராவாரம் தூசி தட்டி வைத்தாள்.

ஒரு வருடமும் நாலு மாதமும் அவர்கள் அந்தச் சமையலறையில் வாழ்ந்தார்கள். "யோசிச்சியா?" என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வரும். உடனே எழுந்து போய் ஸ்டூலைத் துடைப்பார். வரிசையில் நிற்பவர்களின் மருந்துப் புட்டியில் தேதி பார்த்து எழுதி ஒட்டுவார். அவருக்கு மகள்மேல் உயிர். மனைவிமேல் எவ்வளவு என்பது அந்த ஒரு வருடத்தில்தான் அவருக்கே தெரிந்தது.

ஒரு மழைநாள் மத்தியானம் நர்ஸம்மா பேனாவைக் கேட்டார். படிவத்தைத் தானே நிரப்பினார், பக்கத்தில் வந்து எட்டிப்பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. பிறந்த தேதியை இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினார். ஃபாரம் சார் எழுந்து போய் ஸ்டூலை இரண்டு முறை துடைத்தார். காரணம் என்ற கட்டத்தில் நர்ஸம்மா எழுதியது: 'மகளைப் பார்க்க வேண்டும். மேலும், அவருக்குத் தானாக மருந்து விட்டுக்கொள்ளத் தெரியாது.' பிற விவரங்கள் என்ற கட்டத்தில்: 'மாடிப்படிப் பக்கத்துக் கதவைப் பூட்ட மாட்டேன்.' கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து மாதத்தில் இருவருக்கும் விசா வந்தது. அன்று மாலை பால் அடுப்பில் இருக்கும்போதே சமையலறை கிளம்பிப் போய், மகளின் கூடத்தை ஒட்டி நின்றது. பால் பொங்கவில்லை. சமையலறைக்குள் அவர்கள் இருவரும் இருந்ததால் விமானம் ஏற வேண்டியிருக்கவில்லை; குடியேற்ற அதிகாரி வீட்டுக்கே வந்து முத்திரை குத்தினார். மாடிப்படிப் பக்கத்துக் கதவு மட்டும் பழைய தெருவிலேயே நின்றுவிட்டது. இங்கே காலை எட்டு மணிக்குத் தையல்காரர் அதைத் தள்ளித் திறந்தால், அங்கே வெளியே பனி பெய்துகொண்டிருக்கும். வரிசை வழக்கம்போல நகரும். விசா இல்லாமல் தினம் எட்டுப் பேர் வந்து போவது குறித்து அதிகாரி ஒருமுறை விசாரிக்க வந்தார். அவருக்கும் கண்ணில் அழுத்தம் இருந்தது. இப்போது ஒன்பது பேர்.

வருடத்துக்கு ஒருமுறை, உயிரோடு இருப்பதாக ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஃபாரம் சார் தன்னுடையதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மனைவியுடையதை எடுத்துக்கொண்டு வரிசையில் கடைசியாக நிற்பார். நர்ஸம்மா எல்லோருக்கும் மருந்து விட்டுவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்து, பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அவர் அதுவரை நிற்பார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைச் சாய்ப்பார்.

"அஞ்சு நிமிஷம் கண்ணைத் திறக்காதீங்க."

"சரிம்மா."

படிக்கட்டில் குளிர் இறங்குகிறது என்று தையல்காரர் போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு போவார், பூட்டுவதில்லை.