மாஸ்டர் வெளியே போயிருக்கார்

காலை பத்தே கால். அவள் அச்சில் மெழுகு ஊற்றிக்கொண்டிருந்தபோது மாஸ்டரின் போன் அடித்தது. புறங்கையால் நகர்த்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாஸ்டர் இருக்காரா?"

"வெளியே போயிருக்கார். என்ன விஷயம்?"

மாஸ்டர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அது பல் செட் செய்யும் இடம். மாடியில் ஒரே அறை. இரண்டு மேசை, ஓர் உலை, மூலையில் பாலிஷ் மோட்டார். டாக்டர்கள் வாயில் எடுத்த அளவை அனுப்புவார்கள். இங்கிருந்து பல்லாகித் திரும்பிப் போகும். அவளும் கணவரும் சேர்ந்து செய்த தொழில்தான். டாக்டர்களுக்குத் தெரிந்தது மாஸ்டரை மட்டும். அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். விஷயத்தைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். "வெளியே போயிருக்கார்" என்று வந்தது. பிறகு எல்லோருக்கும் அதையே சொன்னாள். வேலை நிற்கவில்லை. மாஸ்டர் வெளியிலேயே இருந்தார்.

இன்று கூப்பிட்டவன் கிளினிக் ஆள் இல்லை. கடன் வசூல் அதிகாரி என்றான். உலை வாங்க மாஸ்டர் எடுத்த கடன், பல தவணை பாக்கி என்றான். அவருடைய முழுப்பெயரைச் சொன்னான். தெருவைச் சொன்னான். கீழே இருக்கும் சாவிக்கடையையும் சொன்னான்.

"மத்தியானத்துக்குள்ள கட்டணும்மா. லிங்க் அனுப்புறேன், அமுக்கினா போதும்."

"எந்தக் கம்பெனி?"

"அதெல்லாம் அவருக்குத் தெரியும்."

"வந்ததும் கேக்குறேன்."

போனை வைத்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கு உறைத்தது.

நாத்தனார் மோட்டாரை நிறுத்தினாள். மாஸ்டரின் தங்கை. பாலிஷ் போடுவது அவள் வேலை. பல்லுக்குப் போடுவாள், பேச்சுக்குப் போடமாட்டாள்.

"யாரு அண்ணி?"

"உங்க அண்ணனைத் தேடுறான். கடனாம்."

"நல்லாத் தேடட்டும். கண்டுபிடிச்சா நமக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

இருவரும் சிரிக்கவில்லை.

மேசை இழுப்பறைகளைக் கொட்டித் தேடினார்கள். உலைக்கு ரசீது இருந்தது. கடனுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

"கொடுத்தவன் காகிதத்தைக் காட்டுவான். கொடுக்காதவன் சத்தத்தைக் காட்டுவான்," என்றாள் நாத்தனார். "இது ஏமாத்து வேலை. எங்க பக்கத்து வீட்டுல இப்படித்தான் பணத்தைக் கறந்தாங்க. அடுத்த தடவை பேரைக் கேளுங்க, விலாசத்தைக் கேளுங்க, எழுத்துல அனுப்பச் சொல்லுங்க. லிங்க்கைத் தொடாதீங்க. நம்ம விவரம் ஒண்ணும் வாயில வரக்கூடாது."

அவள் தலையாட்டினாள். ஆனால் உலை வாங்கிய வருஷம் மாஸ்டர் இரண்டு முறை எங்கே போகிறேன் என்று சொல்லாமல் போய்வந்தது நினைவுக்கு வந்தது. அப்போது அவளும் கேட்கவில்லை.

மறுநாள் அவன் கூப்பிட்டான். அவள் அவன் பெயரைக் கேட்டாள். விலாசத்தைக் கேட்டாள்.

"எங்களையே விசாரிக்கிறீங்களா?" குரல் ஏறியது. "உங்களுக்கு வேலை கொடுக்கிற கிளினிக் எல்லாம் எங்ககிட்ட இருக்கு. ஒவ்வொரு டாக்டருக்கும் போன் போகும். மாஸ்டர் எங்கேன்னு அவங்களைக் கேப்போம்."

கிளினிக் பெயர்களையெல்லாம் மாஸ்டரே பெருமையாக விளம்பரத்தில் போட்டிருந்தார்.

அவளுக்குக் கடன் பயமில்லை. அந்தக் கேள்விதான் பயம். அளவெடுத்து அனுப்புகிறவர்கள் அவர் கையை நம்பி அனுப்புகிறார்கள். கை இல்லை என்று தெரிந்தால் உலை குளிர்ந்துவிடும். நாத்தனாருக்கும் வேறு பிழைப்பில்லை.

"இன்னும் ரெண்டு நாள் கொடுங்க," என்றாள்.

"ஏன் அண்ணி கெஞ்சுறீங்க?" என்றாள் நாத்தனார். "வாங்காத கடனுக்கு வாய்தாவா?"

மூன்றாவது முறை அவன் இறங்கிய குரலில் பேசினான். பின்னால் நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்கம்மா, நேத்து சாயங்காலம் அவரே எங்ககிட்ட பேசினார்."

அவள் கையிலிருந்த கரண்டியில் மெழுகு உறைந்தது.

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர்தான். கட்டிடுறேன், வீட்டுல மட்டும் சொல்லாதீங்கன்னார். பாவம், நல்ல மனுஷன்."

அவன் வைத்துவிட்டான். அலமாரியில் மாஸ்டரின் பற்கள் இருந்தன. மாதிரிக்காகத் தன் வாயிலேயே அளவெடுத்து அவர் வார்த்த பிளாஸ்டர் அச்சு. மேல் வரிசையும் கீழ் வரிசையும் இறுகக் கடித்தபடி இருந்தன. அவள் அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"அவ்வளவுதான், மாட்டிக்கிட்டான்," என்றாள் நாத்தனார். "செத்தவர்கிட்ட பேசினேங்கிறான். இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"வீட்டுல சொல்லாதீங்கன்னாராம்."

"எல்லா ஆம்பளையும் சொல்றதுதான். குருட்டாம்போக்குல அடிச்சு விடுறான்."

ஸ்கேன் முடிவு வந்த அன்று மாஸ்டர் ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னதும் அதையேதான். டாக்டர் பிறகு அவளிடம் சொன்னார், எல்லாம் முடிந்தபின்.

"அவன் என்ன புதுசாச் சொல்லிட்டான்?" என்றாள் அவள். "ஊருக்கெல்லாம் நான் சொன்னதைத்தானே எனக்கே திருப்பிச் சொல்றான்."

நாத்தனார் பாலிஷ் போட்ட செட்டை எடுத்து மறுபடியும் பாலிஷ் போடத் தொடங்கினாள்.

அன்று மத்தியானம் அவள் உலையை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாஸ்டரின் போனிலிருந்தே ஒவ்வொரு கிளினிக்காகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள்.

முதல் டாக்டர், "போன வாரம் அவரை நான் கேட்டதாச் சொல்லச் சொன்னேனே. சொன்னீங்களா?" என்றார்.

"சொன்னேன் டாக்டர்," என்றாள்.

அது பொய்யில்லை.

அடுத்த இடத்தில் இரண்டு அளவுகளையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில் போனை எடுத்த நர்ஸ் அழுதாள். வயதான டாக்டர் ஒருவர், "அப்போ இத்தனை நாளா செஞ்சது யாரு?" என்றார். நாங்கள்தான் என்றாள். "கீழ் செட் எப்போ வரும்?" என்று கேட்டார். பாதிப் பேர் தங்கினார்கள். பாதி போயிற்று.

நாத்தனார் அந்த ஏமாற்றுக்காரனின் நம்பரைப் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"வேற நம்பர்ல வருவானாம். வந்தா வாயைக் கொடுக்காம வைச்சிடணுமாம். அங்கே நமக்கு முன்னாடி நாலு பேர் இதுக்கே நிக்கிறாங்க அண்ணி."

வேறு நம்பரில் வந்தான். அதே குரல்.

"என்னம்மா, லிங்க்கைத் தொடவே இல்லை போல. டாக்டர்களுக்குப் போன் போடவா?"

"போடுங்க. நானே எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"அவர் செத்துட்டார்னு. நாலு மாசம் ஆச்சு."

மறுமுனையில் அவனுக்குப் பின்னாலிருந்த குரல்கள் மட்டும் கேட்டன. யாரோ யாரையோ இன்றைக்குள் கட்டச் சொன்னார்கள்.

மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது. நாத்தனார் விரலைக் காற்றில் குறுக்கே இழுத்துக் காட்டினாள். வைங்க. போதும், வைங்க.

அவள் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கை நீட்டி மோட்டாரை நிறுத்தினாள். அறை அமைதியானது.

"தம்பி, அவர் உங்ககிட்ட பேசினார்னீங்களே," என்றாள் அவள். "வேற என்ன சொன்னார்?"