சைபர் வந்த வெற்றிடம்

எங்க வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரே ஆபீஸ், ஒரே தொழில். வானத்துல காலியா கிடக்கற பெரிய பெரிய இடங்கள்ல எவ்வளவு பொருள் இருக்குன்னு அளக்கறது. காலின்னு தெரிஞ்சப்புறம் அங்க என்னத்த அளக்கறீங்கன்னு மாமியார் முதல் நாளே கேட்டுட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா எந்த வெற்றிடமும் முழுசா காலி இல்ல. பிரபஞ்சத்தோட சராசரி அடர்த்தியைப் பத்துன்னு வெச்சா, அங்க ஒண்ணோ ரெண்டோ இருக்கும். அது ஒண்ணா ரெண்டாங்கற சண்டைக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

எனக்கு நிரந்தர வேலை. அவருக்கு ஒப்பந்தம், இந்த வருஷத்தோட முடியுது. பெருசா ஏதாவது கண்டுபிடிச்சா இங்கயே வெச்சுக்குவாங்க. இல்லைன்னா கடல் தாண்டி ஒரு ஊர்ல வேலை தயாரா இருக்கு. அவங்க அம்மாவையும் கூட்டிட்டுப் போயிடுவார். அப்புறம் இந்த வீட்டுல நானும் பிரிட்ஜும்தான். தனியா இருக்கறதுன்னா எனக்குப் பயம். இதைச் சொல்ல வெக்கமெல்லாம் இல்ல.

அப்பதான் அவர் கண்டுபிடிச்சார். ஒரு வெற்றிடத்துல அடர்த்தி சுத்தமா சைபர். பேருக்கு ஒரு கேலக்ஸிகூட இல்ல. ஆபீஸ் டைரக்டர் எழுந்து நின்னு கை குலுக்கினாராம். மனுஷனுக்குத் தரையில கால் பாவல. ஆய்வுக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுன்னு என்கிட்ட நீட்டினார். நானும் பார்த்துத் தொலைச்சேன்.

நமக்குக் கிட்டத்துல ஒரு நட்சத்திரம் கண்ணு கூசற மாதிரி எரிஞ்சா, அதுக்குப் பின்னாடி தூரத்துல இருக்கற கேலக்ஸி எதுவும் படத்துல தெரியாது. அதனால அந்த இடத்தை வட்டமா வெட்டி எடுத்துடுவோம். வெட்டினதை ப்ரோகிராமுக்கும் சொல்லணும். சொல்லலைன்னா அது, பாவம், அங்க ஒண்ணுமே இல்லைன்னு நம்பிடும்.

அவரோட வெற்றிடம் சரியா அப்படி வெட்டின ஒரு வட்டத்துக்குள்ளதான் இருந்துச்சு. நான் கண்டும் காணாம இருந்திருக்கலாம். நம்ம வாய்தான் சும்மா இருக்காதே. அவர் கட்டில்ல உக்காந்து துணி மடிச்சுட்டு இருந்தார்.

"நட்சத்திரத்தை வெட்டினதை ப்ரோகிராமுக்குச் சொன்னீங்களா?"

ஒரு சட்டையை மடிச்சார், பிரிச்சார், மறுபடி மடிச்சார். "இல்ல."

திருத்தி ஓட்டினோம். வெற்றிடமே காணாமப் போயிடுச்சு. டைரக்டர்கிட்ட அவரே போய்ச் சொல்லிட்டு வந்தார். டைரக்டர் ரொம்ப மரியாதையா, அந்த ஊர்ல குளிர் அவ்வளவா இருக்காதுன்னு சொன்னாராம்.

அன்னைக்கே ரெண்டு டிக்கெட் போடறேன்னு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தார். நான் பாலை அடுப்புல வெச்சுட்டு, அவருக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டேன். மாமியார் சோபாவுல இருந்து, ஒண்ணு போதும்னாங்க. அவருக்குப் புரியல.

"நீ எங்க போனாலும் பொழைச்சுக்குவடா. இவளைத் தனியா விட்டா தட்டு போட்டுச் சாப்பிடக்கூட மாட்டா. நான் இவகூட இருக்கேன்."

கல்யாணம் ஆன நாள்லருந்து என் சமையல்ல குறை கண்டுபிடிச்ச மனுஷி. எனக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி கொட்டிடுச்சு. அழறதை அப்புறம் வெச்சுக்க, பாலைப் பாருன்னாங்க. பொங்கினா பொங்கட்டும்னு விட்டுட்டேன்.