பிஸ்கட்டுக்கு இட்ட உத்தரவு

காலை எட்டரைக்கே ரோண்டாவுக்குக் கை பரபரத்தது. ஒன்றரை வருஷப் படிப்பு. பாறை ஓவியங்களைப் பதிவு செய்வது, களை ஒழிப்பது, வரைபடம் வாசிப்பது என்று எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். மிச்சம் ஒன்றுதான். ஆள்களை நிறுத்தி, உத்தரவு கொடுத்து, காட்டுக்கு முறையாகத் தீ வைத்துக் காட்ட வேண்டும். இன்றைக்குத் தேறினால் ரோப்பர் ஆற்றுப் பக்கத்துப் பழங்குடிகளின் நிலக்காவலர் படைக்கு அவள்தான் தலைவி. தவறினால் அடுத்த மே மாதம்தான். மழை ஓய்ந்து புல் பாதி பச்சையாக இருக்கும் இந்தச் சில வாரங்களை விட்டால், அப்புறம் தீ யார் சொல்வதையும் கேட்காது.

தேர்வு வைக்க நகரத்திலிருந்து ஹெதர் வந்திருந்தாள். புத்தம்புது பூட்ஸ், கையில் படிவம் செருகிய அட்டை.

"நான் வாயே திறக்க மாட்டேன் ரோண்டா. திறந்தா நீங்க ஃபெயில்னு அர்த்தம்."

"அப்ப நல்லா இறுக்கி மூடிக்கோங்க" என்றாள் ரோண்டா.

மேட்டிலிருந்து எல்லாம் தெரிந்தது. கீழே ஆள் உயரப் புல். நடுவில் கைப்பாறை. அதன் மடிப்புக்குள் செங்காவியில் நூற்றுக்கும் மேல் கைத்தடங்கள். அதில் ஒரு சின்னக் கை ரோண்டாவின் கொள்ளுத்தாத்தாவுடையது. அனல் பட்டால் பாறை அப்பளம் போலப் பெயர்ந்துவிடும். அதனால்தான் இப்போதே சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிடுவது. அங்கே வெயில் முற்றும் அக்டோபரில் பெருந்தீ வரும்போது அதற்குத் தின்ன எதுவும் இருக்கக் கூடாது. பாறையைச் சுற்றி நேற்றே புல்லைச் செதுக்கிக் கோடு போட்டாயிற்று.

கீழே தீ சொட்டும் டப்பாவோடு நின்றவன் கிளைவ். தீ வைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரே சங்கடம், அவன் ரோண்டாவின் மருமகன். அவர்கள் குல வழக்கப்படி மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, பெயரைக்கூடச் சொல்வதில்லை. இதைப் பகை என்று நினைக்கிறவர்களுக்கு மரியாதை என்றால் என்னவென்றே தெரியாது. ஒன்றரை வருஷமும் ஒரே வகுப்பில் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தே இருவரும் படித்தார்கள்.

நடுவில் மகள் ஷெரில் இருந்தாள். அம்மா சொல்வதை வாக்கிடாக்கியில் கேட்டுப் புருஷனுக்குச் சொல்வாள்.

"அம்மா, உன் மருமகன் ரெடியாம். பிஸ்கட்டும் அவர் காலடியிலதான் நிக்குது."

பிஸ்கட் ரோண்டாவின் நாய். கறி கிடைக்கும் திசையில் கிளைவ் பின்னாலேயே போய்விடும் துரோகி.

"முதல்ல அந்தக் கோடி ஓரத்துல வைக்கச் சொல்லு" என்றாள் ரோண்டா. தீ பிடித்தது. காற்று அதைப் பாறைக்கு எதிர்ப்பக்கம் மெதுவாக நடத்திக்கொண்டு போனது. புகைக்குள் வெட்டுக்கிளி பிடிக்கப் பருந்துகள் பாய்ந்தன. ரோண்டாவுக்குப் பாடலாம் போல இருந்தது.

திடீரென்று அவள் இடக்கன்னம் குளிர்ந்தது. காற்று திரும்பிவிட்டது! தீ ஒரு கணம் தயங்கி, பாறையைப் பார்த்து ஓடத் தொடங்கியது. புல்லுக்குள் நிற்கும் கிளைவுக்கு இது தெரிய வழியில்லை.

"ஷெரில்! காத்து மாறிடுச்சு! ஷெரில்!"

பதில் இல்லை. வெகுதூரத்தில் ஷெரில் வாக்கிடாக்கியை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளை அதை நேற்று பூரா வைத்து விளையாடியிருந்தான். பேட்டரி செத்துவிட்டது.

கிளைவின் இடுப்பில் வேறு அலைவரிசையில் ஒரு வாக்கிடாக்கி இருந்தது. ரோண்டா அந்த அலைவரிசைக்கு மாற்றிப் பொத்தானை அழுத்தினாள். அவன் பெயர் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினாள். வெட்கத்தில் காது சுட்டது. பாறைக்கும் தீக்கும் நடுவே இருநூறு எட்டுகூட இல்லை. பக்கத்தில் ஹெதரின் வாய் திறக்கப் போனது.

அப்போதுதான் கீழே புல்லின் இடைவெளியில் ஒரு வால் ஆடுவது தெரிந்தது.

"டேய் பிஸ்கட்! உன்னத்தான்டா! காத்து திரும்பிடுச்சு. பக்கத்துல நிக்கிற மனுசனையும் இழுத்துக்கிட்டு பாறைக்கு ஓடு! செதுக்கி வச்ச கோட்டுல, பெரிய மரத்துலருந்து ஆரம்பிச்சு எதிர்த்தீ வை. நடக்காதடா சோம்பேறி, ஓடு!"

வாக்கிடாக்கி இரைந்தது. பிறகு கிளைவின் குரல்.

"பிஸ்கட், கேட்டாச்சுன்னு சொல்லுடா. பெரிய மரம், செதுக்கின கோடு, எதிர்த்தீ. நீ முன்னால ஓடு, நான் வர்றேன்."

ஓடினான். நாயும் ஓடியது. கோட்டின் ஓரமாகச் சின்னச் சின்னத் தீப்பொட்டுகள் விழுந்து, ஒன்றோடு ஒன்று கைகோத்து, பெருந்தீயை எதிர்கொண்டு போயின. இரண்டும் முட்டின. ஒரு பெரிய உறுமல், வானளவு புகை, அப்புறம் ஒன்றுமில்லை. கரிந்த தரைக்கு நடுவில் கைப்பாறை சிவப்பாக நின்றது. ரோண்டா தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் வீசி, ஊரே கேட்கிற மாதிரி கூவினாள்.

ஹெதர் அப்போதுதான் மூச்சு விட்டாள். படிவத்தைப் புரட்டினாள்.

"உத்தரவு தெளிவா இருந்துச்சு, சரியா திருப்பிச் சொன்னாங்க. எல்லாம் சரி. ஆனா யாருக்கு உத்தரவு குடுத்தீங்கன்னு இங்க பேர் எழுதணுமே?"

"பிஸ்கட்டுன்னு எழுதுங்க."

"ரோண்டா..."

"நான் வேற யார்கிட்டயாவது பேசுனத நீங்க கேட்டீங்களா?"

ஹெதர் யோசித்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தபடி அந்தப் பெயரையே எழுதினாள். கீழே 'தேர்ச்சி' என்று போட்டுக் கையெழுத்திட்டாள்.

சற்று நேரத்தில் கிளைவ் மேடேறி வந்தான், முகத்தை ஓடைப் பக்கம் திருப்பியபடியே. இருபது எட்டு தள்ளி ஒரு மரக்கட்டையின் மேல் தீயில் சிக்கியிருந்த கொழுத்த உடும்பு ஒன்றை வைத்தான்.

"பிஸ்கட், வாய வச்ச, கொன்னுடுவேன். இது தலைவிக்கு. ஒரு கைத்தடத்துல கூட கரி படலைன்னும் சொல்லிடு."

ரோண்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புகைதான் என்று சொன்னால் ஹெதர் வேண்டுமானால் நம்புவாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவளும் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

"பிஸ்கட், நாளைலருந்து காலைல ஆறு மணிக்கு வேலை. புதுத் தலைவிக்கு லேட்டா வந்தா பிடிக்காதுன்னு சொல்லு."

கிளைவ் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தான். திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைத் தூக்கி, ஐந்து மணிக்கே வந்துவிடுவேன் என்பதுபோல ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான்.