படம் அறுகிற இடம்

தென்காசி ரயிலடியிலிருந்து குற்றாலத்துக்கு ஜட்கா ஓட்டுகிற நம்பிராஜன், குதிரையோடு பேசுகிற பேச்சுக்கு அளவே கிடையாது. சாரல் விழுமா, அருவியில் தண்ணீர் எப்படி, இன்றைக்கு ஏறின ஆள் என்ன கனம் என்று எல்லாவற்றையும் அதனிடம் கொட்டிவிடுவான். கட்டின பெண்டாட்டி சங்கரம்மாளிடம் மட்டும் நாலு வருஷமாக வெறும் "ம்" தான். அந்தக் காலத்து ஆண்பிள்ளைகள் பலரும் அப்படித்தான் என்றாலும் இவன் கொஞ்சம் அதிகம்.

நாற்பத்து நாலாம் வருஷம் சீசன் முடிந்த கையோடு சங்கரம்மாள் பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்தாள். நம்பிராஜன் வைத்தியரிடம் கஷாயம் வாங்கிவந்து நடையில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவான். அடுத்த வீட்டு ஹைருன் பீவிதான் அதை எடுத்துக் குடிக்கக் கொடுத்தாள். ஒரு நாளாவது எப்படி இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை.

உடம்பு தேறியதும் ஹைருன் பீவி அவளை மேலகரத்து டூரிங் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். பாட்டு குறைவு, பேச்சே பேச்சு என்று பெயரெடுத்த காதல் படம். அதில் கதாநாயகிக்குத் தலைவலி. வெறும் தலைவலிதான். அதற்கு நாயகன் கட்டிலருகே உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது, எப்படி இருக்கிறது என்று அரை ரீலுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தான். பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சாத ஆள் இல்லை. சங்கரம்மாள் மட்டும் அழவில்லை. மறுநாள் காலையில் துணிமூட்டையோடு ஆய்க்குடிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"கோவத்துல போகல தம்பி" என்றாள் ஹைருன் பீவி. "கேக்க ஒரு ஆளு இருந்தா எப்படி இருக்கும்னு பாத்துட்டா. இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனா."

நம்பிராஜனுக்கு அவள் இல்லாத வீட்டுக்குள் கால் வைக்கவே பிடிக்கவில்லை. அதையும் அவன் குதிரையிடம்தான் சொன்னான்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் படத்தில் என்று பார்க்கப் போனவன், ஐந்து தடவை பார்த்தான். படத்தின் கடைசியில் நாயகி கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். நாயகன் தேடிப்போய்க் கதவுக்கு வெளியே நின்று மூச்சுவிடாமல் பேசுகிறான். நம்பிராஜன் அந்தப் பேச்சை ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்தான். பேச்சு முடிந்ததும் உள்ளேயிருந்து நாயகி, "இத்தனை நாளாக இதை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பாள். அத்தோடு படம் அறுந்துவிடும். ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரதி. வெள்ளைத் திரை, ஒரே விசில். ஆபரேட்டர் ஒட்டி ஓட்டும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு படகில் போவார்கள். நடுவில் நாயகன் என்ன பதில் சொன்னான் என்று தென்காசி வட்டாரத்தில் ஒருவருக்கும் தெரியாது. நம்பிராஜன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவள் கேட்டுவிட்டால் மற்றது தானாக நடந்துவிடும் என்று நம்பினான்.

ஆய்க்குடி வீட்டில் அவனைக் கண்டதும் சங்கரம்மாள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"என் ஜீவனே, நீ இல்லாத மாளிகையில் தீபங்களும் ஒளிர மறுக்கின்றன."

அவர்கள் குடியிருந்த வீட்டில் இருந்தது ஒரு சிம்னி விளக்கு. ஆனாலும் பிசகில்லாமல் கடைசிவரை சொல்லி முடித்தான்.

உள்ளேயிருந்து சங்கரம்மாள், "இத்தன நாளும் ஏன் சொல்லல?" என்றாள். படத்தில் கேட்டதைக் கேட்டாளோ, தன்னுடையதைத்தான் கேட்டாளோ.

நம்பிராஜன் காத்திருந்தான். விசிலும் இல்லை, படகும் இல்லை. கதவுதான் இருந்தது.

"நீ காய்ச்சல்ல கெடந்தப்பம், பதினோரு ராத்திரியும் வாசல்ல வண்டிக்குள்ளதான் உக்காந்திருந்தேன்" என்றான். "நீ இருமுத சத்தம் கேட்டாத்தான் எனக்கு உசுரு வரும்."

"உள்ள வந்து கேட்டா என்ன?"

"எங்கம்மைக்கும் இப்படித்தான் காய்ச்சல். எனக்கு அப்பம் ஒம்பது வயசு. எப்படிம்மா இருக்குன்னு கேட்டேன். பதில் சொல்லல. திரும்பவும் கேட்டேன்." நிறுத்திவிட்டு, குதிரையிடம் பேசுகிற குரலில் சொன்னான்: "நீயும் பதில் சொல்லலைன்னா நான் என்ன செய்வேன்?"

கதவு திறந்தது. சங்கரம்மாளின் முகமெல்லாம் ஈரம்.

"இப்பம் கேளுங்க" என்றாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கேன்."

அவன் திரும்பவும் கேட்டான். அவள் திரும்பவும் சொன்னாள்.