பல் பதிந்த கை

இரணியலில் ஒரு தனியார் பள்ளி. அங்கே நான்காம் வகுப்பில் படிக்கும் அபினாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளைப் படிக்க வைப்பதுதான் ஸ்மைலினின் வேலை. அபினா ஆட்டிசம் உள்ள பிள்ளை. கணக்கு நன்றாக வரும், சத்தம்தான் ஆகாது. அதனால் காதை மூடும் ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டே இருப்பாள்.

பள்ளியில் யாருக்கும் ஸ்மைலினைப் பிடிக்காது. வகுப்பாசிரியை பிரிஜாவுக்கு, தன்னை வேவு பார்க்கவே இவளைப் பின்பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பு. ஆசிரியர் அறைக்குள் ஸ்மைலின் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஸ்மைலினும் லேசுப்பட்டவள் அல்ல. நின்ற பேச்சு மறுபடி தொடங்க முடியாதபடி மணி அடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவாள்.

ஆண்டுவிழா ஒத்திகையன்று பிரிஜா சொன்னாள்: "நீ மேடைப் பக்கம் வராத. எனக்க வகுப்பு பிள்ளையள எனக்கு பாக்கத் தெரியும்."

"பாருங்க," என்று ஸ்மைலின் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். திண்டாடட்டும் என்றுதான்.

அபினாவை வரிசையில் நிறுத்திய பிரிஜா, வீடியோவில் அசிங்கமாக இருக்கும் என்று ஹெட்போனைப் பிடுங்கினாள். "டீச்சர், அத எடுக்காதிய," என்று ஸ்மைலின் எழுந்து ஓடுவதற்குள் செண்டை மேளம் முழங்கிவிட்டது. அபினா அலறிக்கொண்டு தரையில் விழுந்து தலையை முட்டினாள். இரண்டாவது முட்டுக்கு ஸ்மைலின் தன் கையை இடையில் கொடுத்தாள். கிடைத்த கையை அபினா கடித்தாள். ரத்தம் வந்தும் ஸ்மைலின் கையை இழுக்கவில்லை. செண்டையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மதியம் தலைமையாசிரியர் ஜெயசிங் கூப்பிட்டனுப்பினார். மேசையில் டைப் அடித்த தாள் ஒன்று கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. எந்தக் காரணமுமின்றி மாணவி கடித்தாள், மற்றப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை, அவளைப் பள்ளியை விட்டு அனுப்ப வேண்டும் என்று ஸ்மைலின் சொல்வதுபோல எழுதியிருந்தது.

"ஒரு ஒப்பு போடு. மத்த பிள்ளையளுக்க வீட்டுல எல்லாம் பயந்து போயி கெடக்காவ."

"காரணம் இல்லாம கடிக்கல்ல சார். பிரிஜா டீச்சர் ஹெட்போன பறிச்சாவ."

"நான் பறிச்சனா? கழத்தி வைக்கத்தான் சொன்னேன்," என்றாள் பக்கத்தில் நின்ற பிரிஜா. "கடி பட்டவ நீ. உனக்கே ரோஷம் இல்லியா?"

"ரோஷம் இருக்கு டீச்சர். அது பிள்ளை மேல இல்ல."

ஜெயசிங் குரலைத் தாழ்த்தினார். "ஒப்பு போட்டா வாற வருஷம் உனக்கு தனியா ஒரு வகுப்பு தாறேன். இல்லேன்னா யோசிச்சுக்கோ. அந்தப் பிள்ளை போவும்போ உனக்க வேலையும் போவும்."

ஸ்மைலின் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நடந்ததை நேரக் குறிப்போடு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பப் போவதாகச் சொல்லி, அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

கேட்டருகே அபினாவின் அம்மா ரெஜிஷா நின்றிருந்தாள். பிள்ளையின் நெற்றி புடைத்திருந்தது. இவளாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று ஸ்மைலின் கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் போனாள்.

"நீங்க கூட இருக்கியன்னுதானே நான் பிள்ளைய இஞ்ச விட்டேன்," என்றாள் ரெஜிஷா. "அவ தலைய முட்டும்போ நீங்க எங்க இருந்திய?"

"கடைசி வரிசையில."

"அங்க என்ன வேலை உங்களுக்கு?"

பிரிஜா போகச் சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். போன காரணம் அது மட்டுமில்லை என்பது அவளுக்குத் தெரியும். ரெஜிஷா பதிலுக்குக் காத்திருக்காமல் பிள்ளையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து ஸ்மைலின் அந்தத் தாளில் இன்னொரு வரி சேர்த்தாள்: 'வகுப்பாசிரியை மேலிருந்த கோபத்தில் நான் மாணவியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தது என் தவறு.' எழுதிய பிறகு அதை அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கவில்லை. அப்படியே தபாலில் சேர்த்தாள்.

இரண்டு வாரம் கழித்து விசாரணைக்கு அதிகாரி வந்தார். அபினாவை வெளியேற்றக் கூடாது என்றும், ஹெட்போனை யாரும் தொடக் கூடாது என்றும் எழுதி வைத்துவிட்டுப் போனார். பிரிஜாவை வாயால் கண்டித்ததோடு சரி. ஸ்மைலினுக்கு மட்டும், அவள் சேர்த்த அந்த வரியை மேற்கோள் காட்டி, எழுத்தில் எச்சரிக்கை வந்தது. ஜெயசிங் அதை எல்லா ஆசிரியர்களின் முன்னாலும் வாசித்துக் கொடுத்தார். பிரிஜா சிரித்ததை மறைக்கக்கூட இல்லை.

மறுநாள் காலை ரெஜிஷா பிள்ளையோடு வகுப்பு வாசலுக்கே வந்தாள். "வேற ஆளு தேடுகேன் டீச்சர். கெடச்சதும் மாத்தச் சொல்லுவேன்," என்றாள். "அதுவரைக்கும் நீங்க இவள விட்டு ஒரு அடி விலகப் பிடாது."

"விலக மாட்டேன்," என்றாள் ஸ்மைலின்.

அவளுக்கு ரெஜிஷாவின் மேலும் கோபமாகத்தான் இருந்தது. அபினா நோட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். ஸ்மைலின் பக்கத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வகுத்தல் கணக்கைத் தொடங்கினாள்.